பாலமில்லா ஆற்றைக் கடந்த படை

இளவெயில் முற்றி ஏறும் முற்பகற் போழ்தில், ஆயிரம் சாளரங்களும் அவற்றுள் ஒன்றையேனும் திறக்க ஒப்பாத ஆயிரம் அலுவலரும் நிறைந்த படைத்துறை மாளிகை, வயிறார உண்ட யானையென நகர் நடுவே அசையாது நின்றது. அதன் மூன்றாம் மாடியில், கிளர்ச்சிகளை அடக்கிய போர்களின் வரலாற்றையே முப்பதாண்டாய்த் துருவி, தும்மினாலும் மூன்று கல்லூரிகள் அடிக்குறிப்பு எழுதிக்கொள்ளும் அளவுக்குப் புகழ் பெருத்த அறிஞர், படைத்தலைவர் எதிரே மழையில் நனைந்த கோழியென ஒடுங்கி அமர்ந்திருந்தார்.

முன்னாளில் எல்லைமலையில் மூண்ட கிளர்ச்சி, ஆற்றைக் கடந்து சென்ற படை நாற்பது நாள் ஊர்தோறும் சூழ்ந்து வீடுதோறும் குடைந்து தேடியதால் அடங்கிற்று என்பதே அவர் பெருநூலின் பிழிவு. அப்படை எழுதிய நாட்குறிப்பேடே அதற்குச் சான்று. அந்நூலை நம்பி, மீண்டும் புகையத் தொடங்கிய அம்மலைமேல் ஐயாயிரம் படைஞரை ஏவும் ஆணை, படைத்தலைவரின் ஒப்பத்துக்காகப் பலகைமேல் காத்திருந்தது.

ஆயினும், அந்நூலின் புதுப்பதிப்புக்கு நிலப்படம் வரைந்துகொண்டிருந்த மனைவி, அன்று காலை வீட்டில் எழுதுகோலைக் காதிற் செருகியவாறே தொடுத்த வினா, அவர் தொண்டையில் மீன்முள்ளாய்க் குத்தி நின்றது.

"ஏங்க, படை கிளம்பறதுக்கு முன்னாடியே வெள்ளத்துல பாலம் அடிச்சிட்டுப் போச்சுன்னு பொறியாளர் பதிவேட்டுல இருக்கு. மறுபடி கட்டவே ஆறு மாசம் ஆச்சாம். உங்க ஆளுங்க நாற்பது நாளும் அது மேலேயே போயிட்டு வந்திருக்காங்களே, பறந்தா போனாங்க?"

"வேற வழியில போயிருப்பாங்க."

"வேற வழியே இல்லைன்னு நாலாம் இயல்ல நீங்கதானே மார்தட்டியிருக்கீங்க!"

அவர் நாட்குறிப்பேட்டைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கூடாரத்தில் கால்நீட்டிக் கிடந்தபடியே நாற்பது முறை மலையேறிய அம்மாமறவர், ஏட்டில் மட்டுமே ஆற்றைக் கடந்திருந்தனர். எவரும் சென்று குடையாத அந்நாற்பது நாளிலேதான் மலை தானே ஆறியிருந்தது.

இப்போது படைத்தலைவர் எழுதுகோலின் மூடியைக் கழற்றினார். அவ்வோசை அறிஞரின் செவிக்குப் பீரங்கியின் வாய் திறந்தாற்போல் ஒலித்தது.

"ஐயா, உங்க நூல் எனக்கு மனப்பாடம். ஒரு வார்த்தை சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

பதினோரு பதிப்புகளும், மார்பு கொள்ளாத பதக்கங்களும், வாழ்நாள் முழுதும் பெற்ற கைதட்டலும் அவர் நாவின்மேல் ஏறி அமர்ந்து அழுத்தின. கோலின் முனை தாளைத் தொட இன்னும் ஒரு நூலிழையே இருந்தது.

"போடாதீங்க! நான் எழுதினது தப்பு. அந்தப் படை ஆத்தைத் தாண்டவே இல்லை."

படைத்தலைவரின் கோல் தாளுக்கு மேலேயே நின்றது.

"முப்பது வருஷமா இது உங்க கண்ணுல படலையா?"

"ஏட்டைப் பார்த்தேன் ஐயா. ஆத்தைப் பார்க்கலை."

படைத்தலைவர் எழுதுகோலை மெல்ல மூடினார்.

அத்திங்கள் முடியுமுன் அவர் நூல் கல்லூரிதோறும் பரணேறியது. முன்பு அவர் வருகையில் எழுந்து நின்றோர், இப்போது சுவரின் அழகை ஆய்ந்தனர். வீட்டிலோ, மனைவி நிலப்படத்தில் பாலத்தை அழித்து, ஆற்றை மட்டும் நீலத்தில் இழுத்தாள். படை ஏறாத தொலைமலையில் அடுப்புப் புகை மட்டுமே எழுந்தது. தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டு அப்புகையைக் காத்தவர் எவரென, அவ்வடுப்புகளை மூட்டியோர் ஒருநாளும் அறிந்திலர்.