மேசையின் வலப்பக்கம்

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க டாக்டர்."

கேட்டவள் குழந்தையின் அம்மா. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். அவள் மடியில் நாலு வயது மகள் துவண்டு கிடந்தாள். உதடும் நகமும் மை தடவினாற்போல் நீலம். இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியில் இறுக்கம். அன்று காலை ஏதோ ஒரு பொம்மைக்காக அழுதவள், அழுத அழுகையில் உடம்பெல்லாம் நீலம் பாரித்து மூச்சுக்குத் திணறினாள். நர்ஸ்கள் ஓடிவந்து, முழங்காலை மார்போடு மடக்கிப் பிடித்து, ஆக்சிஜன் வைத்து, மருந்து ஏற்றி மீட்டார்கள். இன்னொரு முறை அப்படி வந்தால் மீட்க முடியுமா என்று கேட்டால் யாரும் பதில் சொல்லத் தயாராக இல்லை.

அம்மா கேட்டது குட்டி டாக்டரை. அந்தப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. குட்டி டாக்டர் என்றால் வாசல் காவலாளி வரை தெரியும். ஆள் உயரம் அவ்வளவுதான், பாவம். இதய சர்ஜன் படிப்பெல்லாம் படித்தவள். ஆனால் சொந்தமாக இந்த ஓட்டையை அடைக்கிற ஆபரேஷனை அவள் ஒரு தடவையும் செய்ததில்லை.

செய்கிறவர் வேறு ஒருவர். கடல் தாண்டி இருந்த ஒரு பெரிய பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கும் இதற்கும் சில வருஷங்களாகக் கூட்டு. புதன்கிழமை தோறும் இரண்டு பக்கத்தாரும் திரையில் கூடுவார்கள். இங்கே ஒரு குழந்தையின் கதை, அங்கே ஒரு குழந்தையின் கதை, நடுவில் கொஞ்சம் அரட்டை. இவர்கள் அங்கே போய்ப் படித்தார்கள், அவர்கள் இங்கே வந்து கற்றுக்கொடுத்தார்கள். ஒருவழிப் பாதை என்று நினைத்துவிடாதீர்கள். தீவிர சிகிச்சை வார்டில் அம்மாக்களை வெளியே துரத்தாமல் கட்டிலோரம் உட்காரவைப்பதை அவர்கள் இங்கே பார்த்துத்தான் தங்கள் ஊரில் ஆரம்பித்தார்கள்.

வருஷத்துக்கு இரண்டு முறை அங்கிருந்து ஒரு குழு வரும். அதன் தலைவரான சர்ஜன் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். நர்ஸ்கள் வைத்த பெயர் நெட்டையர். தங்கமான மனுஷன், தங்கமான கை. அவர் மேசையின் வலப்பக்கம் நின்று அறுத்துத் தைப்பார், குட்டி டாக்டர் எதிரே இடப்பக்கம் ஒரு முக்காலி மேல் ஏறி நின்று உதவுவாள். மேசை அவர் உயரத்துக்கு ஏற்றப்பட்டிருக்கும், முக்காலி இல்லாவிட்டால் இவளுக்கு எட்டாது. போகப் போக அவர் பாதி வேலையை இவளிடமே விட்டார். போன தடவை, "இந்தப் பக்கம் வாங்க, முழுசா நீங்களே பண்ணுங்க" என்றார். "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று நழுவிவிட்டாள்.

அந்த அடுத்த தடவைதான் இது. குழு கிளம்பித் தங்கள் ஊர் விமான நிலையம் வரை வந்தாயிற்று. புயல் வந்து ஓடுபாதையையே மூடிவிட்டது. எப்போது திறக்கும் என்று சொல்வாரில்லை. காலையில் திரையில் வந்த நெட்டையர் குழந்தையின் படங்களைப் பார்த்தார், காலை நடந்ததைக் கேட்டார், தாடையைச் சொறிந்தார். "இவ காத்திருக்க மாட்டா. நீங்க பண்ணுங்க. நான் திரையில கூடவே இருக்கேன்" என்றார். ஆஸ்பத்திரித் தலைவரும் சரி என்றார். வேண்டாம் என்று சொல்ல மிச்சமிருந்தது குட்டி டாக்டர் ஒருத்திதான்.

இப்போது இந்த அம்மா வேறு முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். குட்டி டாக்டர் குனிந்து குழந்தையின் நீல விரலைப் பார்த்தாள்.

"தெரியும். தனியா செஞ்சதில்ல. ஆனா தெரியும்."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்புறம் என்ன? அந்த நெட்டை டாக்டரும் ஒரு நாள் முதல் தடவை செஞ்சவருதானே? போய்ச் செய்யுங்க. என் பொண்ணைக் கொண்டுவந்து குடுங்க."

மத்தியானம் தியேட்டர் தயார். மயக்க டாக்டர் குழந்தையைத் தூங்கவைத்தார். தியேட்டரிலேயே வயதில் மூத்தவர், வாயில் சனி என்று பெயரெடுத்தவர். பெரிய சிஸ்டர் கருவிகளை வரிசையாக அடுக்கினாள். இதயத்தை நிறுத்திவைக்கும் நேரத்தில் ரத்தத்தை ஓட்டித்தரும் இயந்திரத்தின் முன்னால் பம்ப்காரர் உட்கார்ந்தார். சுவரில் மாட்டிய திரையில் நெட்டையர், விமான நிலையத்தின் ஏதோ ஒரு மூலையில், காதில் ஒயரோடு, மேசைக்கு மேலிருந்த கேமரா காட்டுவதைப் பார்த்தபடி. குட்டி டாக்டர் கையைத் தேய்த்துக் கழுவி, கவுனும் கையுறையும் மாட்டிக்கொண்டு வந்து, ஏற வேண்டிய இடத்தில் ஏறி நின்றாள். அவளுடைய ஜூனியர் பக்கத்தில் வந்து நின்றான்.

எல்லோரும் தயார். ஒருவரும் அசையவில்லை. இயந்திரங்கள் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன.

"யாருக்காகக் காத்திட்டிருக்கோம்?" என்றார் மயக்க டாக்டர்.

பெரிய சிஸ்டர் வாசலைப் பார்த்தாள். பம்ப்காரரும் வாசலைப் பார்த்தார். திரையிலிருந்து நெட்டையரின் குரல் வந்தது.

"அந்தப் பக்கம் காலியா இருக்கே. யாரு நிக்கப் போறா?"

அட ராமா! அத்தனை பேரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். குட்டி டாக்டர் இடப்பக்கத்தில், பழைய முக்காலி மேல். ஜூனியர் அவளுக்கு ஒட்டினாற்போல். மேசை வழக்கம்போல் நெட்டையர் உயரத்துக்கு ஏறி நின்றது. பெரிய சிஸ்டர் கருவித் தட்டைக்கூட அவர் கைக்கு எட்டுகிறபடி வைத்திருந்தாள். இத்தனை வருஷப் பழக்கம், எல்லோருமாகச் சேர்ந்து வராத ஆளுக்கு இடம் விட்டுக் காத்திருந்தார்கள். மயக்க டாக்டர்தான் முதலில் சிரித்தார், அப்புறம் தியேட்டரே சிரித்தது. குட்டி டாக்டருக்கு முகக்கவசத்துக்குள் காது வரை சூடேறியது.

முக்காலியிலிருந்து இறங்கினாள். மேசையைச் சுற்றி நடந்தாள். இந்தச் சின்னத் தூரத்தைத்தான் போன தடவை நடக்காமல் நழுவினோம் என்று நினைத்தபோது தன் மேலேயே எரிச்சலாக வந்தது. வலப்பக்கம் வந்து நின்றாள். மேசை அவள் நெஞ்சுக்கு மேலே இருந்தது.

"முக்காலியை இங்க கொண்டுவரச் சொல்லவா?" என்றான் ஜூனியர்.

"எதுக்கு? மேசையை இறக்கு" என்றாள் பெரிய சிஸ்டர். "இன்னிக்கு இவங்க உயரம்தான் தியேட்டர் உயரம்."

மேசை இறங்கியது. குட்டி டாக்டர் கையை நீட்டினாள். "கத்தி."

நெஞ்சைத் திறந்தார்கள். பம்ப் ஓடத் தொடங்கியது. சின்ன இதயம் குளிர்ந்து அடங்கி நின்றது. வழியை அடைத்த சதையைச் சீவி எடுத்தாள், அது வரை கை தானாக ஓடியது. அடுத்தது ஓட்டையை ஒட்டுப்போட்டுத் தைக்க வேண்டும். கீழ் விளிம்பில்தான் வில்லங்கம். அந்த இடத்தில் இதயத்துக்குத் துடிப்பைக் கொண்டுபோகிற நரம்பு மாதிரியான இழை ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியாது. ஊசி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் துடிப்பே அறுந்துபோகும். ஊசியை விளிம்புக்கு மேலே நிறுத்தினாள்.

"இங்கதானே? சரியா?"

திரையிலிருந்து பதில் இல்லை.

"டாக்டர், சரியா?" மறுபடியும் மௌனம். "சத்தம் போயிடுச்சா? யாராவது பாருங்களேன்!"

மயக்க டாக்டர் எட்டிப் பார்த்தார். "சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயே. மனுஷன் காபி குடிச்சிட்டிருக்காரு."

காபியா! இங்கே ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அங்கே காபி கேட்கிறதோ! சுருக்கென்று கோபம் வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தப்பு நடந்தால் அந்த மனுஷன் கத்துகிற கத்தலில் கண்ணாடி அதிரும், அதை அவள் எத்தனையோ தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். சாவகாசமாகக் காபி குடிக்கிறார் என்றால் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஊசியை மேலாக இறக்கினாள், இழுத்தாள். அடுத்த தையல், அதற்கடுத்தது. அதற்குப் பிறகு அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் இதயத்துக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டார்கள். மானிட்டரில் கோடு நேராகக் கிடந்தது. பெரிய சிஸ்டரின் உதடு முணுமுணுத்தது. கோடு ஒருமுறை துள்ளியது. நின்றது. மறுபடி துள்ளியது, அப்புறம் வரிசையாக, பிசகாமல், டக் டக்கென்று ஓடத் தொடங்கியது. பம்ப்காரர் இயந்திரத்தை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். இதயம் தன் வேலையைத் தானே பார்த்தது.

"இந்தத் துடிப்புக்கு ஒரு குறை சொல்லத் தேடுறேன், கிடைக்கலை" என்றார் மயக்க டாக்டர். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததே உலக அதிசயம். திரையில் நெட்டையர் காலிக் கோப்பையை உயர்த்திக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. குட்டி டாக்டர் அதைப் பார்க்கவில்லை, அவளுக்கே கண் மறைத்தது.

சாயங்காலம் அம்மாவைத் தீவிர சிகிச்சை வார்டுக்கு அழைத்துவந்தார்கள். குழந்தை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள், உடம்பு பூரா ஒயரும் குழாயும். அம்மா அதை ஒன்றும் பார்க்கவில்லை. முகத்தோடு முகம் வைத்துக் குனிந்தாள்.

"என்னடி இது, லிப்ஸ்டிக் போட்டு விட்டுட்டாங்களா?"

சிவந்த உதடு. பிறந்ததிலிருந்து அவள் பார்த்திராத நிறம். பிஞ்சு விரலைப் பிரித்து நகம் நகமாகப் பார்த்தாள், பிறகு குட்டி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "குடுத்துட்டீங்க. கேட்டபடியே குடுத்துட்டீங்க."

புயல் ஓய்ந்து, சில வாரம் கழித்து நெட்டையரின் குழு வந்து சேர்ந்தது. வாசலில் தலையை இடித்துக்கொண்டார், எல்லோரையும் கட்டிக்கொண்டார், காபி விஷயத்துக்காகக் குட்டி டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இளைப்பில்லாமல் மாடிப்படி ஏறி வந்த அந்தக் குழந்தை அவரை அண்ணாந்து பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தது. மறுநாள் காலை முதல் ஆபரேஷன், கைக்குழந்தை ஒன்று. குட்டி டாக்டர் கை கழுவிக்கொண்டு வரும்போது அவர் முன்னதாகவே கவுன் மாட்டி உள்ளே நின்றார்.

இடப்பக்கத்தில் நின்றார். மேசை தாழ்ந்திருந்ததால் முதுகை வளைத்து, கேள்விக்குறி மாதிரி நின்றார். பெரிய சிஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"மேசையை உயர்த்தட்டுமா டாக்டர்? முதுகு போயிடும்."

"போகட்டும்" என்றார். "மேசை சர்ஜன் உயரத்துக்குத்தான் இருக்கணும்."

எதிரே வலப்பக்கம் அவளுக்காகக் காலியாக இருந்தது. குட்டி டாக்டர் அங்கே போய் நின்று கையை நீட்டினாள்.