அரியநாயகத்தின் கிணற்றுக் கொப்பி

1.

இந்தக் கதை ஒரு மறுப்பிலிருந்து தொடங்கியது. மறுத்தவள் நான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் மிச்சத்தை உங்களோடு கூச்சமில்லாமல் பேசலாம்.

ஊர்காவற்றுறையில், கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய வீட்டில், தீவுகளின் கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் சிறிய காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வாசிப்பு அறை மேசை என்னுடையது. வருகிறவர்கள் வேண்டிய பிரதியின் இலக்கத்தைப் படிவத்தில் எழுதித் தருவார்கள். நான் உள்ளே போய் எடுத்து வருவேன், அல்லது தர முடியாது என்பேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் கதை எழுதுவேன். இரண்டையும் கலக்காமல் வைத்திருப்பதாக வெகுகாலம் நம்பியிருந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

ஆவணி மாதத்துக் கடல் உருக்கிய ஈயம் போல அசையாமல் —

இல்லை. அன்று கடல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று: 'நெடுந்தீவிலிருந்து ஒரு பெண் போத்தல் ஒன்றில் தண்ணீர் கொண்டு வந்தார்.' இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2.

அவர் பெயர் இராசாத்தி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலையின் முதற் போட்டில் கடல் கடந்து குறிகட்டுவான் துறைக்கு வந்து, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். போத்தலை என் மேசையில் வைத்தார். மேசையில் தண்ணீர் வைக்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி.

"அக்கா, போத்தலை வெளியில வைச்சிட்டு வாங்கோ."

"இது குடிக்கிற தண்ணி இல்லைத் தங்கச்சி. எங்கட கிணத்துத் தண்ணி. வாயில வைச்சுப் பாருங்கோ, கடல் தண்ணி தோத்துப்போம். சனத்துக்கு வாற குழாய்த் தண்ணியே மட்டு மட்டு. மாட்டுக்கு எங்க போறது? பதினாலு நிண்டது. இப்ப பதினொண்டு."

எங்கள் பட்டியலை அவர்களுடைய மாதா கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்களாம். அதில் ஒரு வரியை அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இலக்கம் 212. நெடுந்தீவின் கிணறுகள். நில அளவையாளர் அரியநாயகம், 1911. கையெழுத்துக் கொப்பி ஒன்று.

"எங்கட காணிக்குள்ள ஒரு நல்ல தண்ணிக் கிணறு இருந்ததாம். ஆரோ மூடிப்போட்டினமாம். என்ர மனுசன்ர தேப்பன் சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர். எந்த இடம் எண்டு அவருக்கும் தெரியாது. இந்தக் கொப்பியில கட்டாயம் கிடக்கும்."

படிவத்தில் 'ஆய்வின் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. பட்டதாரிகள் அதை நிரப்பிவிட்டுப் பின்பக்கத்திலும் எழுதுவார்கள். இராசாத்தி அக்கா அதில் 'மாடு' என்று மட்டும் எழுதினார்.

கணினியில் இலக்கம் 212க்குப் பக்கத்தில் சிவப்புக் குறி இருந்தது. ஈரம் பட்டுப் பக்கங்கள் ஒட்டிவிட்டன, தொடக் கூடாது. நான் படிவத்தின் கீழே 'தர இயலாது' என்று எழுதிக் கையொப்பம் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"எனக்கு மட்டுமோ, ஆருக்கும் குடுக்கமாட்டியளோ?"

"ஆருக்கும் இல்லை அக்கா."

"அப்ப ஆருக்கு வைச்சிருக்கிறியள்?"*

* இதற்கு எங்களிடம் ஒரு பதில் இருக்கிறது: இனி வரப்போகிறவர்களுக்கு. நல்ல பதில்தான். ஆனால் வந்து முன்னால் நிற்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று எங்கள் விதிப் புத்தகத்தில் இல்லை.

3.

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகம் தருகிற பாத்திரம் மேர்வின் அண்ணை. அவர்தான் காப்பகப் பொறுப்பாளர். சண்டைக் காலத்தில் இந்தப் பிரதிகளைப் பொலித்தீன் பைகளில் கட்டி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் காவித் திரிந்தவர். ஒரு பக்கத்தின் மூலை மடிந்தால் அன்றைக்குச் சாப்பிடமாட்டார். அப்படிப்பட்டவர் மனம் மாறினார் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்களா? (நான் கற்பனையாக எழுதியிருந்தால் அவரை மாற்றியிருக்கவே மாட்டேன்.)

இரண்டு கிழமை கழித்து இராசாத்தி அக்கா காப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, அந்தக் கொப்பியை நீங்கள் கண்ணால பாத்தனீங்களோ?"

"இல்லை அக்கா."

"ஒருக்காப் பாருங்கோ. இப்ப ஒன்பதுதான் நிக்குது."

அவ்வளவுதான் சொன்னார். நான் உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். கொப்பி ஒரு அடுப்பில் கருகிய பாண் துண்டைப் போல இருந்தது. திரும்பினால் மேர்வின் அண்ணை வாசலில் நிற்கிறார்.

"பிரிச்சால் உடையும்," என்றார்.

"தெரியும் அண்ணை."

"உடைஞ்சால் உலகத்தில வேற பிரதி இல்லை."

"பிரிக்காட்டி ஒருத்தரும் வாசிக்கப்போறதில்லை. பிறகு இருந்தென்ன, இல்லாட்டியென்ன? அங்க மாடு சாகுது அண்ணை."

அவர் வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். கிணற்றடியில் கை கழுவும் சத்தம் கேட்டது. துடைத்துக்கொண்டு வந்து, மெல்லிய மூங்கில் தகடு ஒன்றை எடுத்தார்.

"நான் பிரிக்கிறன். நீர் வாசிச்சு எழுதும். கண் வெட்டக் கூடாது."

மின்விசிறியை நிறுத்தினோம். ஜன்னலைச் சாத்தினோம். பகல் முழுவதும் பழுப்பு வெளிச்சத்தில், நீருக்கடியில் இருப்பவர்களைப் போல மெதுவாக அசைந்தோம். ஒரு பக்கம் எழும்பும். நூறு வருடம் கழித்து ஒரு மனிதரின் கையெழுத்து வெளிச்சத்தைக் காணும். நான் வாசித்து முடிக்கையில் அது துகள்களாகச் சரியும். படமும் எடுத்தோம். பாதிப் படங்களில் தூள்தான் இருக்கிறது.

மூன்றரை மணியளவில் அந்தக் காணியின் பெயர் வந்தது. 'புளியமரத்தின் அடியிலிருந்து —'

தகடு வழுக்கியது. பக்கம் விரிசல் விட்டது. நான் பார்த்தது இவ்வளவுதான்: 'புளியமரத்தின் அடியிலிருந்து ......குத் திசையில் நாற்பது பாகம். நல்ல நீர். முருகைக்கல்லால் மூடியுள்ளது.' பாகம் என்றால் விரித்த இரு கைகளின் நீளம், முருகைக்கல் என்றால் கடலில் எடுக்கும் பவளக் கல்.

4.

தமிழில் நான்கு திசைகளும் 'கு' என்றே முடிகின்றன. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. இதை நான் அதுவரை கவனித்ததில்லை.

நான் 'கிழக்கு' என்று எழுதினேன்.

ஏன்? இந்தப் பகுதியைப் பதினொரு தடவை எழுதிவிட்டேன். களைப்பு என்று எழுதினேன். அவசரம் என்று எழுதினேன். கண்ணில் தூள் —

உண்மை இதுதான். தொலைந்துபோன ஒரு நல்ல கிணறு கிழக்கில் இருப்பது அழகாக இருந்தது. எனக்குள்ளிருக்கும் கதைக்காரி அந்தச் சொல்லைப் போட்டாள். மேர்வின் அண்ணை குனிந்து தூள்களைக் கடித உறைக்குள் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. நான் அடைப்புக்குறி போடவில்லை, கேள்விக்குறி போடவில்லை. நிரப்பிய இடத்துக்கும் வாசித்த இடத்துக்கும் ஒரே மை.

அன்று பின்னேரமே தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இராசாத்தி அக்கா இரண்டு தரம் சொல்லச் சொன்னார். பிறகு, "மாதாவே," என்றார். அந்தச் சந்தோசத்தில் எனக்கும் பங்கிருப்பதாக நினைத்தபடி வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

5.

ஐந்தாம் நாள் மறுபடி அழைத்தார்.

"இவர் நாலு நாளாக் கிண்டுறார். வெறும் கல்லு. நாப்பது பாகத்தை மூண்டு தரம் அளந்து பாத்தனாங்கள். வேற ஏதும் எழுதிக் கிடக்கோ?"

"இப்ப எத்தினை மாடு அக்கா?"

"ஏழு."

தொலைபேசியில் சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு நெடுந்தீவுப் போட்டில் ஏறினேன். வெயிற் புகையில் தீவு கடலைத் தொடாமல் சற்று மேலே மிதந்தது. இறங்கி நடக்கையில், வெட்டவெளியில் நின்ற, தீவின் காட்டுக் குதிரைகள் தலை தொங்கப்போட்டு, யாரோ வரைந்து பாதி அழித்தவை போலத் தெரிந்தன. அவற்றின் ஊடாக நடந்தபோது என் காலடி எனக்கே கேட்கவில்லை.

(என் பிழையை நான் ஒப்புக்கொள்ளாத ஒரு பிரதியும் எழுதியிருந்தேன். அதில் கொப்பியில் இருந்ததே பிழை என்று சொல்கிறேன். அவர்கள் நம்பி, செத்துப்போன அரியநாயகத்தைத் திட்டுகிறார்கள். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன்.)

இராசாத்தி அக்காவின் கணவர் சந்தியோகு அண்ணை நெஞ்சளவு குழிக்குள் நின்றார். உள்ளங்கைகளில் சீலை சுற்றியிருந்தார். குழியின் விளிம்பில் நின்று சொன்னேன்.

"அண்ணை, கிழக்கு எண்டு கொப்பியில இல்லை. அந்தச் சொல்லு உடைஞ்சு போச்சு. நான்தான் போட்டனான்."

அவர் கிண்டிக்கொண்டிருந்த இரும்பு அலவாங்கைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு நாள்," என்றார்.

இராசாத்தி அக்கா சொன்னார். "தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! தெரியாது எண்டால் நாங்கள் வேற பக்கமும் பாத்திருப்பம். ரெண்டு செத்துப்போச்சு. ஒண்டு சினை மாடு. படிச்சனீர், உமக்குத் தெரியாது எண்டு சொல்ல வெக்கமோ?"

ஓம், வெட்கம்தான். அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. நின்றபடியே அழுதேன். யாரும் தேற்றவில்லை, தேற்றியிருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்கமாட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் குசினிக்குள் போய் பால் விடாத ஒரு பிளேன்ரீயைக் கொண்டுவந்து கையில் தந்தார். உப்புக் கரித்தது.

"சரி. மிஞ்சிக் கிடந்தது என்ன?"

"கு மட்டும்தான் அக்கா."

சந்தியோகு அண்ணை குழியைவிட்டு ஏறி வந்தார். "மேற்கை விடு. அது கடல் பக்கம், அங்க நல்ல தண்ணி நிக்காது. வடக்கு, இல்லாட்டித் தெற்கு." கயிற்றுச் சுருளின் ஒரு நுனியை என் பக்கம் எறிந்தார். "பிடியும் இதை."

6.

அந்த மாதிரியான மூன்று நாட்களை நான் இதற்குமுன் வாழ்ந்ததில்லை. அவர்கள் வீட்டுச் சின்ன அறையில் படுத்தேன். பகலில் கல் சுமந்தேன். கை கொப்பளித்தது. மேர்வின் அண்ணைக்கு நடந்ததைத் தொலைபேசியில் சொன்னேன். "வந்து திருத்தும். உம்மட கையாலயே திருத்தும்," என்றார்.

திருத்திவிட்டேன். காப்பகத்தில் இப்போது என் பிரதியில் அந்தச் சொல் வெட்டப்பட்டு, ஓரத்தில் நான் செய்தது எழுதப்பட்டு, கீழே என் கையொப்பம் இருக்கிறது. கிணறு எந்தப் பக்கம் அகப்பட்டது என்பது தனித்தாளில், கண்டவர் சந்தியோகு என்ற பெயரோடு, இருக்கிறது. இங்கே மட்டும் திசையை எழுதப்போவதில்லை. வடக்கோ தெற்கோ, உங்களுக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தாளில் அதனால் ஒரு மாடும் சாகாது.

மூன்றாம் நாள் மத்தியானம் அலவாங்கு வேறு குரலில் பேசியது. சந்தியோகு அண்ணை நிமிர்ந்தார். மறுபடி குத்தினார். உள்ளே வெற்றிடம் இருக்கிற சத்தம். மண்ணைக் கையால் வழித்தோம். மனிதக் கைகள் அடுக்கிய முருகைக்கற்கள், வட்டமாக. மூன்று பேருமாக ஒரு கல்லைப் புரட்டினோம். உள்ளிருந்து குளிர்ந்த காற்று என் முகத்தில் பட்டது. யாரோ நித்திரையில் விட்ட மூச்சைப் போல இருந்தது.

வாளி கீழே போனது. வெகு கீழே ஒரு சின்னச் சத்தம்.

வாளி மேலே வந்தபோது கலங்கலாக அரைவாளி இருந்தது. இராசாத்தி அக்கா அதை நிலத்தில் வைத்தார். குடிக்கவில்லை.

"தங்கச்சி, நீர் வாயில வைச்சுப் பாத்துச் சொல்லும். எனக்குப் பயமாக் கிடக்கு."

நான் கையை நீட்டினேன். பிறகு மடக்கிக்கொண்டேன். அது உப்பாக இருந்தாலும் என் நாக்கு நல்ல தண்ணீர் என்று சொல்லிவிடும். எனக்கு என் நாக்கைத் தெரியும்.

"ஏலாது அக்கா. மாடு பாக்கட்டும்."

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் மழை வருகிறது. அதை நானே நம்பவில்லை. மற்ற இரண்டையும் சொல்லமாட்டேன், நீங்களே எழுதக்கூடியவைதான். நடந்ததில் நான் பார்த்ததை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். இராசாத்தி அக்கா நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள ஒரு கிழப் பசுவைக் கொண்டுவந்தார். அது வாளியை மோந்தது. ஒரு அடி பின்னால் வைத்தது. காதுகளை முன்னே திருப்பியது. பிறகு மெதுவாகத் தலையைத் தாழ்த்தி வாளிக்குள் விட்டது. நாங்கள் மூன்று பேரும் அதன் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சந்தியோகு அண்ணை அடுத்த மாட்டை அவிழ்க்கப் போனார்.