பத்துக்குப் பத்து வாங்கிய கால்

சர்க்கரை நோயாளிகளின் கால்களைச் சோதிப்பது என் வேலை. பதினாறு வருடமாக அடுத்தவர் பாதத்தைப் பார்த்தே சாப்பிடுகிறேன். முகம் மறந்துவிடும், பித்தவெடிப்பு மறக்காது. மருத்துவமனையில் எனக்கு 'நரம்புக்காரி' என்று பெயர். அதற்கு இரண்டு அர்த்தம். என் கருவி ஒரு பிடியும், அதன் நுனியில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழையும்தான். அதைப் பாதத்தில் வைத்து, லேசாக வளையும்வரை அழுத்த வேண்டும். கண்ணை மூடிப் படுத்திருப்பவர், பட்டதும் 'தெரியுது' என்று சொல்ல வேண்டும். காலுக்குப் பத்து இடம். சொல்லவில்லை என்றால் அந்த இடத்தில் உணர்ச்சி போய்விட்டது என்று பொருள். இன்னொரு அர்த்தம், கோபம் வந்தால் எனக்கு நெற்றி நரம்பு புடைத்துக்கொள்ளும் என்பது. அடிக்கடி வரும்.

இந்த வேலையில் முக்கியமான விதி ஒன்று உண்டு. தொடுகிறவள் வாயைத் திறக்கக்கூடாது. நான் திறப்பேன். ஒவ்வொரு இடத்திலும் "இப்போ?" என்று கேட்டுக்கொண்டேதான் தொடுவேன். படுத்ததும் குறட்டை விடும் ஆட்களால் வந்த பழக்கம் அது. எங்கள் டாக்டர் பல தடவை சொல்லிவிட்டார்.

"நீங்க கேட்டா அவங்க காதால பதில் சொல்லிடுவாங்கம்மா. கால்தான் சொல்லணும்."

அவருக்கு அனுபவம் நான்கு வருடம், எனக்குப் பதினாறு. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன்.

அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், பெயிண்டர். அடுக்குமாடிகளின் வெளிச்சுவருக்குச் சாரத்தில் நின்று வண்ணம் அடிப்பவர். பதினொரு வருடமாகச் சர்க்கரை. அவருடைய கம்பெனியில் புதிதாக ஒரு உத்தரவு போட்டார்கள்: ஐம்பதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்கள் கால் சோதனை செய்த தாளைக் கொண்டுவந்தால்தான் சாரம் ஏறலாம், இல்லாவிட்டால் கீழே நின்று பெயிண்ட் கலக்க வேண்டும். பெயிண்ட் கலக்குவதைவிட அத்தான் வேலையையே விட்டுவிடுவார். அவ்வளவு ரோஷம்.

அவர் வருவதற்கு முந்தின நாள் அக்கா போன் செய்தாள்.

"ஒரு செருப்பு கழண்டு விழுந்தது கூடத் தெரியாம வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கார்டி. நல்லா பாரு. சொந்தம்னு விட்டுடாதே."

"நான் யாரை விட்டிருக்கேன்?" என்றேன்.

"அதான் உன்கிட்ட அனுப்பறேன்" என்றாள்.

அத்தான் சீக்கிரமே வந்து திரைக்கு வெளியே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே நான் மற்றவர்களுக்கு "இப்போ? இப்போ?" என்று ஏலம் போட்டதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். அவர் முறை வந்ததும் காலை நீட்டிப் படுத்தார்.

"டாக்டரம்மா, கூச்சம் காட்டாம பாருங்க" என்றார். என்னை அவர் அப்படித்தான் நக்கலாகக் கூப்பிடுவார்.

"கண்ணை மூடுங்க அத்தான். இப்போ?"

"தெரியுது."

"இப்போ?"

"தெரியுது."

நான்கு இடம் ஒழுங்காகப் போனது. ஐந்தாவதுக்குப் போகும்போது பேனா உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். வாய் தன் பாட்டுக்கு "இப்போ?" என்றது. இழை என் கையில், காற்றில் இருந்தது.

"தெரியுது" என்றார் அத்தான்.

பேனாவோடு அப்படியே நின்றேன். பிறகு பேசாமல் அவர் பெருவிரலில் இழையை அழுத்தினேன். வளைந்தது. எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருக்கும் மாணவன் மாதிரி சாதுவாகப் படுத்திருந்தார். சுண்டுவிரல், நடுப்பாதம், குதிகாலுக்கு மேலே என்று போய்ப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இப்போ?"

"தெரியுது. சுண்டுவிரல் பக்கம்."

அடுத்த சோதனை, எழுந்து காலைச் சேர்த்துவைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்வது. நாம் நிற்பதை மூன்று பேர் பார்த்துக்கொள்கிறார்கள்: கண், காதுக்குள்ளே இருக்கும் ஒரு சின்ன உறுப்பு, பாதம். பாதம் வேலைக்கு வராவிட்டால் அதன் வேலையையும் கண் சேர்த்துப் பார்க்கும். அதனால்தான் பாதி பேருக்குத் தங்கள் கால் மரத்துப்போனதே தெரிவதில்லை. கண்ணையும் மூடினால் ஆள் ஆடுவார், சிலர் சாய்ந்தே விடுவார்கள். அத்தானை நிற்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நடந்துவிட்டால் எழுதியாக வேண்டும். நான் நிற்கச் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால், சொந்தக்காரர் சோற்றில் மண் அள்ளிப் போட மனம் வரவில்லை என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மீதி உண்மை அசிங்கமானது. பூஜ்யம் போட்டால், நான்கு இடம் 'தெரியுது' என்றவருக்கு எப்படிப் பூஜ்யம் வந்தது என்று திரைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் கேட்பார். என் வாயைக் கேட்டுத்தான் அவர் சொன்னார் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு வருட அனுபவக்காரர் ஜெயித்துவிடுவார். பதினாறு வருடமாக நான் போட்ட மார்க் எல்லாம் சந்தி சிரிக்கும்.

"எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டர் அங்கிருந்தே கேட்டார்.

"நல்லா இருக்கு டாக்டர்" என்றேன். இரண்டு காலுக்கும் பத்துக்குப் பத்து எழுதினேன். அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

"பாஸா டாக்டரம்மா?" என்றார் அத்தான், செருப்பைத் தேடிக்கொண்டே. கண்ணால் பார்த்துத்தான் காலை அதற்குள் நுழைத்தார்.

மூன்று வாரம் கழித்து, காலையில் அத்தான் குளியலறையில் விழுந்தார். ஷவருக்குக் கீழே நின்று, முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியிருக்கிறார். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். பத்தாவது மாடியில் நின்றும் விழாதவர் பாத்ரூமில் விழுந்துவிட்டார் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே நகைச்சுவையைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

விழுந்த அன்று காலையில்தான் அக்கா அந்தத் தரையைக் கழுவியிருந்தாள். அத்தானின் அக்கா, அக்காவுக்கு நாத்தனார், வார்டிலேயே ஆரம்பித்தார்.

"சோப்புத் தண்ணியைத் துடைக்காம விட்டா மனுஷன் என்ன பண்ணுவான்? கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு?"

"ஆமா அண்ணி. நான்தான்" என்றாள் அக்கா.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். போர்வைக்கு வெளியே அத்தானின் இரண்டு பாதமும் தெரிந்தன. அந்த நிமிடமே வாயைத் திறந்திருக்க வேண்டும். வேண்டாத நேரத்தில் எல்லாம் திறக்கிற வாய். நாத்தனார் முன்னால் வேண்டாம், வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தபின், கட்டுப் பிரிக்கட்டும் என்று தள்ளினேன். பிரித்தபின், நடக்க ஆரம்பிக்கட்டும் என்றேன். இப்படியே இரண்டு மாதம் ஓட்டினேன். அத்தானும் கூட்டுக் களவாணிதானே, தெரியாததைத் தெரியுது என்று சொன்னவர் அவர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சில நாள் அவர் மேல் கோபம்கூட வந்தது. பாதிப் பாவத்தை அவர் தலையில் கட்டியதும் எனக்குச் சோறு இறங்கியது.

வேலையில் இப்போது வாயை மூடிக்கொண்டு தொடுகிறேன். முன்பு ஒன்பது வாங்கியவர் நான்கு வாங்குகிறார். அவர்களை எல்லாம் வழக்கமான சோதனை என்று சொல்லி ஒவ்வொருவராகத் திரும்ப வரவழைக்கிறேன். அதுவும் பொய்தான்.

போன ஞாயிறு மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் வாக்கர். அக்கா குளியலறையில் மண்டியிட்டுக் காய்ந்த துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்து அரைமணி நேரத்தில் அது மூன்றாவது தடவை.

"காஞ்சுதான்க்கா இருக்கு."

"உனக்குத் தெரியாதுடி. பார்த்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும்."

முழங்கால் இரண்டும் அவளுக்குக் கறுத்துப்போயிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

"போதும், எழுந்திரு! உன் தரையால அவர் விழல. அவருக்குக் கால்ல உணர்ச்சியே இல்ல. அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பத்து போட்டேன்."

அக்கா துணியோடு குளியலறை வாசற்படிக்கு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பேனா விழுந்தது, காற்றில் கேட்டது, பேசாமல் தொட்டது, நிற்கச் சொல்லாதது, டாக்டருக்குப் பயந்தது. சொல்லி முடித்து அத்தான் பக்கம் திரும்பினேன்.

"நீங்களும்தானே அத்தான் பொய் சொன்னீங்க?"

அத்தான் கோபப்படவில்லை. வாக்கரின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார்.

"பொய்யா, தெரியலம்மா. நீ கேட்டதும் ஏதோ பட்ட மாதிரிதான் இருந்துச்சு. கேட்டா பதில் சொல்லணும்னு வாய் வந்துடுது. நிஜமா படலைன்னா நீ கண்டுபிடிச்சுடுவேன்னு நினைச்சேன். உன்னை யாராவது ஏமாத்த முடியுமா? நீ பத்து போட்டதும், அட, கால் நல்லாத்தான் இருக்கு, நம்ம மனசுலதான் பயம்னு நம்பிட்டேன்."

"என்ன பயம்?" என்றேன்.

"கண்ணை மூடினா ஆடுதுல்ல. அதனால ஆறு மாசமா ஸ்டூல் போட்டு உக்காந்துதான் குளிச்சேன். வெளிய சொன்னா கேவலம்னு சொல்லல. தாளைக் கொண்டாந்த அன்னைக்கு, இனிமே இந்தக் கிழட்டு ஸ்டூல் எதுக்குன்னு உங்கக்காகிட்ட சொன்னேன்."

அவர் தலையில் நான் கட்டி வைத்திருந்த பாதிப் பாவம் அங்கேயே அவிழ்ந்து விழுந்தது. தாங்கள் பத்திரமில்லை என்று அந்தக் கால்களுக்கே தெரிந்திருந்தது. அவை ஆடிச் சொன்னதை நம்பவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது நான். நான் அக்காவைப் பார்த்தேன். அவளுடைய பாரத்தையாவது இறக்கி வைத்துவிட்டேன் என்று ஒரு நப்பாசை.

அக்கா கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டூலை எடுக்க வேணாம்னுதான் நான் முதல்ல சொன்னேன். உன் தங்கச்சி தப்பா எழுதுவாளான்னு கேட்டார்" என்றாள். "அவ எழுத மாட்டான்னு சொல்லி, ஸ்டூலை எடுத்து வெளிய வச்சது நான்தான்டி."