அரை கிலோவும் ஒரு கையும்

அதிகமாகக் கொடுத்த குற்றத்துக்காக ஸ்ரீமதியின் கடையை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மூடிவிட்டார்கள். பூட்டு கிடையாது, சீல் கிடையாது. கடையே போனுக்குள்தானே இருந்தது. சோப்பிலிருந்து செருப்புவரை நாடே வாங்கும் அந்தப் பெரிய இணையதளத்தில் மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்த 'சிதம்பரம் மிளகு முந்திரி' பக்கம், அன்றைக்குத் திறந்தால் வெள்ளையாகக் கிடந்தது.

அடியில் காரணத்தை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். கடலூரில் இருக்கும் நாத்தனார் சுவேதாவுக்குப் போன் போட்டாள். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் சுவேதா பொறுப்பு. வறுப்பதும் பொட்டலம் கட்டுவதும் சிதம்பரத்தில் ஸ்ரீமதி பொறுப்பு.

"நாம எழுதுன எடை ஒண்ணு, பார்சல்ல இருக்கற எடை வேற ஒண்ணாம் அண்ணி. தொடர்ந்து பொய் சொல்றோமாம்."

"கொறைச்சலா இருக்குதாமா?"

"ஜாஸ்தியா இருக்குதாம்."

ஸ்ரீமதிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. குறைத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களை அவளுக்குத் தெரியும். கூட்டிப் போட்டு மாட்டிக்கொண்டவள் இந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

விஷயம் இதுதான். காடாம்புலியூரில் ரோட்டோரம் முந்திரி விற்ற வீட்டில் பிறந்தவள் அவள். அங்கே தராசு நின்றதோடு வியாபாரம் முடியாது. அதற்குமேல் ஒரு கை அள்ளிப் போட்டால்தான் முடியும், அதுதான் கொசுறு. மெஷின் தராசு அரை கிலோ காட்டியதும் ஸ்ரீமதியின் கை அவளைக் கேட்காமலே டப்பாவுக்குள் போய் ஒரு பிடி அள்ளிவரும். பார்சலை எடை போடும் கூரியர் மெஷினுக்குக் கொசுறைப் பற்றி யார் சொல்வது? தளத்துக்காரர்கள் முப்பது தடவை எச்சரித்திருக்கிறார்கள். எல்லாம் சுவேதா காலேஜ் நாளில் தொடங்கி மறந்துபோன மெயிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

சிரிப்பு மத்தியானம்வரைகூட நிற்கவில்லை. தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கூடத்தில் தொண்ணூறு கிலோ முந்திரி மூட்டையாகக் கிடந்தது. போதாக்குறைக்கு, கடலூர் ஜவுளிக்கடை முதலாளி சுப்பராயலு அன்றைக்கென்று பார்த்துக் கூப்பிட்டார். அவர் கடையில்தான் பதினோரு வருடம் அவள் சேலை விரித்துக் காட்டினாள்.

"யாவாரம் படுத்துக்கிச்சாமே. சீசனுக்கு ஆள் வேணும், திங்கக்கெழம வந்துடு. அதுக்கு மேல எடம் காலியா இருக்காது, சொல்லிட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. சம்பளம் தேதி தவறாது. ஆனால் அந்தக் கடையை நினைத்தாலே ஸ்ரீமதிக்கு முழங்கால் வலித்தது. காலை ஏழு மணி பஸ், நாள் முழுக்க நிற்பது, ஒருத்தர் எடுக்காமல் போன நாற்பது சேலையைத் திரும்ப மடிப்பது. மறுபடி அதற்குப் போனால் பிறகு வெளியே வர தைரியம் இருக்காது என்று அவளுக்கே தெரிந்தது. திங்கட்கிழமைக்குள் வேறு சந்தை பிடித்தாக வேண்டும்.

வியாழக்கிழமை சுவேதா லேப்டாப்போடு வந்து இறங்கினாள். முதலில் பார்த்தது பத்தே நிமிஷத்தில் வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் கம்பெனி. இருநூறு கிலோவை முன்கூட்டியே சென்னை குடோனில் இறக்கச் சொன்னார்கள். அது அங்கேயே நமத்துப் போனால் யார் பொறுப்பு என்று ஸ்ரீமதி கேட்டாள். நீங்கள்தான் என்றது விதிமுறை. அதை மூடினார்கள்.

அடுத்தது கிராமியப் பொருள்களுக்கென்றே நடத்தும் ஒரு தளம். படமெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் விண்ணப்பத்தில், 'உங்கள் வாழ்க்கைப் போராட்டத்தை இருநூறு சொற்களில் எழுதவும்' என்று கேட்டிருந்தார்கள்.

"என்னா அண்ணி எழுதட்டும்?"

"உங்க அண்ணன் கொறட்ட விடுறாருன்னு எழுது."

மூன்றாவதுக்குப் பேர் 'சில்லறை'. தெற்கே சிறு வியாபாரிகள் சேர்ந்து தாங்களே நடத்துவது. பார்சலையும் அவரவரே அனுப்பிக்கொள்ள வேண்டும். எல்லாம் சரி, வாடிக்கையாளர்கள் மொத்தமே ஆறாயிரம் பேர்.

"பெரிய எடத்துல கோடிக்கணக்குல இருக்காங்க அண்ணி. இது தெருமுன சந்த."

"சந்தைய வெளிய நின்னு பாத்தா என்னா தெரியும்? எங்கப்பா புதுச் சந்தைக்குப் போனா மொதல்ல அங்க எதையாவது வாங்குவாரு. வாங்குனாத்தான் விக்கறவன் எப்படின்னு தெரியும்ன்னு சொல்லுவாரு. நாமளும் எதையாவது வாங்கு."

சில்லறையில் பரங்கிப்பேட்டை சவரியம்மாள் என்பவரிடம் கால் கிலோ நெத்திலிக் கருவாடு ஆர்டர் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் அந்த அம்மாவே போனில் வந்தார்.

"அக்கா, நெத்திலி இன்னிக்குக் காயல. மேகமா இருக்குது. ஈரத்தோட அனுப்புனா நீங்கதான் திட்டுவீங்க. ஒரு வெயிலு பாத்துட்டு நாளைக்கு அனுப்பட்டுமா?"

ஸ்ரீமதி போனை வைத்துவிட்டு நாத்தனாரைப் பார்த்தாள். "அந்தப் பெரிய எடத்துல மூணு வருசம் வித்தேன். வாங்குனவங்க ஒருத்தர் கொரலயாவது கேட்ருக்கனா?" சனிக்கிழமை வந்த கருவாடு கலகலவென்று காய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்து, சுவேதா தேடித் திறந்துவைத்த அந்தப் பழைய மெயிலுக்குப் பெரிய தளத்திலிருந்து கடிதம் வந்தது. இனி எழுதிய எடையைத் தவிர ஒரு கிராமும் கூடாது என்று ஒப்புக்கொண்டு ஒரு கட்டத்தில் டிக் போட்டால், கடையைத் திறந்துவிடுவார்களாம்.

"போட்டுடுங்க அண்ணி. கொசுற நிறுத்துனா முடிஞ்சிது. இல்லன்னா ஐநூத்தி அறுவதுன்னே எழுதிடலாம்."

"எழுதிட்டா அது கொசுறு இல்ல, சரக்கு. அதுக்கு மேல மறுபடி ஒரு கை போடுவேன்."

சொன்னாளே தவிர, டிக் போடத்தான் நினைத்தாள். கோடிப் பேரை விட்டுவிட்டு ஆறாயிரம் பேரிடம் போவதற்கு அவள் என்ன பைத்தியமா? முதலில் கையைப் பழக்குவோம் என்று தராசை முன்னால் இழுத்துக்கொண்டாள். முதல் பாக்கெட் ஐநூற்றுப் பதினெட்டு காட்டியது. உள்ளே கையை விட்டு ஏழெட்டு முந்திரியைத் திரும்ப எடுத்தாள். இரண்டாவதிலும் எடுத்தாள். ஐந்தாவது பாக்கெட்டில் எடுத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. யாரோ சாப்பிடும் இலையிலிருந்து எடுப்பது போல இருந்தது. அளந்ததற்குமேல் போடப் பழகிய கை அது. எடுக்கப் பழகியது இல்லை. எடுத்ததையெல்லாம் அந்தந்தப் பாக்கெட்டிலேயே திரும்பப் போட்டாள். கூடவே ஒரு பிடியும் போட்டாள்.

"சில்லறையிலயே தொறந்துடு சுவேதா. எடைன்னு கேக்கற எடத்துல, அரை கிலோவும் ஒரு கையும்னு எழுது."

"அது எந்த அளவுல சேத்தி அண்ணி?"

"நீ எழுது."

திங்கட்கிழமை காலை பக்கம் திறந்தது. பத்து மணிவரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பதினொன்றுக்குப் பக்கத்துத் தெரு பட்டம்மாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு, வாங்காமல் போனாள். சுவேதா நகத்தைக் கடித்துக்கொண்டு லேப்டாப்பை விட்டு நகரவில்லை. பன்னிரண்டரைக்குச் சுப்பராயலு கூப்பிட்டார்.

"என்னா ஸ்ரீமதி, பஸ் ஏறலியா?"

ஸ்ரீமதி மூட்டைகளைப் பார்த்தாள். ஒரே ஒரு ஆர்டர் வந்திருந்தால்கூட வாய் நிறையச் சொல்லியிருப்பாள்.

"வரல முதலாளி. வேற ஆள் போட்டுக்குங்க."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"பயந்துகிட்டுத்தான் சொல்றேன். ஆனா வரல."

அவர் 'நல்லா இரு' என்று வைத்துவிட்டார். ஸ்ரீமதி அடுப்பைப் பற்றவைத்தாள். ஆர்டர் இல்லாவிட்டாலும் முந்திரியை வறுத்துத்தானே ஆகவேண்டும்.

மூன்று மணி வாக்கில் சுவேதா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். ஓசூரிலிருந்து அனுப்பிரியா என்று யாரோ ஒரு பெண், புதுப் பக்கத்தில் கேள்வி எழுதியிருந்தாள். சுவேதா சத்தமாகப் படித்தாள்.

'அக்கா, ஒரு வாரமா பழைய இடத்துல தேடுறேன், கடையைக் காணோம். பேரும் சரியா ஞாபகம் இல்லை. இங்கே ஒரு கைன்னு போட்டிருக்கறதைப் பார்த்ததும் சந்தேகம் வந்துச்சு. எங்க மாமியார் ஒவ்வொரு தடவையும் பாக்கெட்டை எடை போட்டுப் பார்த்து, இந்தப் பொண்ணு ஏமாளியா இல்லை நல்லவளான்னு கேட்பாங்க. அந்தச் சிதம்பரத்து அக்கா நீங்கதானா? ஆமான்னா தீபாவளிக்குப் பன்னிரண்டு பாக்கெட் வேணும்.'

ஸ்ரீமதி கரண்டியை வைத்துவிட்டு வந்து நின்றாள். இத்தனை நாள் ஊர் பேர் தெரியாத யாருக்கோ போட்டுக்கொண்டிருந்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

"நன்றி, வணக்கம், அப்பிடி இப்பிடின்னு அழகா எழுதட்டுமா அண்ணி?"

"தள்ளு, நான் எழுதறேன்."

மிளகுப்பொடி ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள்.

'நான்தாம்மா.'