முக்கிலேயே நின்றுவிட்ட குரல்

கூவுகாரர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பியபோது அவருடைய குரல் மட்டும் கூடவே வராமல் கடை முக்கிலேயே நின்றுவிட்டது. வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம் அது. கப்பலில் வந்திறங்கிய சீட்டித் துணியையும், கலர் சோடாவையும், கண்ணாடிக் கூண்டு போட்ட அரிக்கேன் விளக்கையும் ஒரே கடையில் அடுக்கி வைத்திருந்த முதலாளி, எதிரே இன்னொருவன் கடை திறக்கப்போகிறான் என்று கேள்விப்பட்டு, "இன்னிக்குக் கொஞ்சம் சேத்துக் கூவுய்யா" என்று சொல்லியிருந்தார். கூவுகாரரும் சேர்த்தே கூவினார். துணி கிழிந்தாலும் சாயம் போகாது என்றார், சோடாவைக் குடித்தால் சண்டைக்காரிகூடச் சிரிப்பாள் என்றார். வெயிலும் பசியும் ஏறியபோது, "இந்தச் சரக்குல கடைசி உருப்படி விக்கிற வரைக்கும் என் குரல் இந்த முக்கை விட்டு நகராது!" என்று ஒரே போடாகப் போட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் பல விதம் உண்டு, இது அதில் ஒன்று.

வீட்டில் அவர் மனைவி தட்டை வைத்தாள். அவர் வாயசைத்தார், சத்தம் வரவில்லை. அவளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. தொண்டையைக் கடைக்காகச் சேர்த்து வைக்கிறேன் என்று வீட்டில் அவர் ஜாடையிலேயே குடித்தனம் நடத்துகிறவர். "ஊருக்கெல்லாம் தொறக்குற வாய் வீட்டுக்கு வந்தா மட்டும் பூட்டிக்குது" என்று அன்று காலையில்தான் ஒரு மூச்சு சண்டை போட்டிருந்தாள். அப்போது தெருமுனையிலிருந்து, "வாங்கம்மா, வாங்கக்கா, அரிக்கேன் விளக்கு இருக்கு, இருக்கு!" என்று அவர் குரல் கேட்டது. அவரோ வாய் நிறையச் சாப்பாட்டுடன் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

முதல் வாரம் கூட்டம் தாங்கவில்லை. அப்புறம் பழகிப்போயிற்று. குரல்மேல் வெயில் படுகிறதே என்று யாரோ ஒரு தட்டி கட்டிவிட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரி குதிரையில் வந்து, பிரம்பால் காற்றைக் கலக்கிப் பார்த்து, ஒன்றும் அகப்படாததால் அதற்கு விளம்பர வரி போட்டுவிட்டுப் போனார். முதலாளி சந்தோஷமாகக் கட்டினார். சம்பளம் கேட்காத குரல், லீவு கேட்காத குரல், யாருக்குக் கிடைக்கும்? கூவுகாரரைக் கைவிட மனமில்லாமல் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை கொடுத்தார். அதற்குத் தொண்டை தேவையில்லை.

அந்தக் கப்பலில் வந்த துணியில் கடைசிக் கெஜம் விற்ற நிமிஷத்தில் குரல் துணியைப் பற்றிக் கூவுவதை நிறுத்தியது. கடைசிச் சோடா விலைபோனதும் சோடாவும் நின்றது. முதலாளி கற்பூர புத்திக்காரர். உடனே கடைசி அரிக்கேன் விளக்கைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். குரலைக் கேட்டு விளக்கு வாங்க வந்தவர்களிடம், "விளக்கு நாளைக்கு வருது. வந்த காலோட வேற என்ன வேணும்னு பாருங்க" என்பார். வந்தவர்கள் ஒரு சோப்பையோ சீப்பையோ வாங்காமல் போனதில்லை. கடைக்கு மாடி எழும்பியது.

குரல் ஏன் நிற்கவில்லை என்பது கூவுகாரர் மனைவிக்குப் புரிந்துவிட்டது. கடைக்குப் போய் விளக்குக் கேட்டாள்.

"இருந்தா உனக்குக் குடுக்க மாட்டேனாம்மா? எப்பவோ தீந்துபோச்சு" என்றார் முதலாளி.

"இருக்கு, இருக்கு!" என்றது வெளியே குரல்.

முதலாளி தராசைத் துடைக்க ஆரம்பித்தார். அவளும் விடவில்லை. வருஷா வருஷம் போனாள், வருஷா வருஷம் தராசு பளபளத்தது. இதற்குள் அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். "அப்பா எங்கே?" என்று கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரை விட்டுவிட்டு, குழந்தை தெருமுனைப் பக்கம் கை காட்டும். அவர் சிரித்துக்கொள்வார். சத்தமில்லாத சிரிப்பு பார்க்கச் சகிக்காது. மத்தியானங்களில் மனைவி கிழிந்த துணிகளை எடுத்துக்கொண்டு தட்டிக்குக் கீழே போய் உட்கார்ந்து தைத்தாள். அம்மா, அக்கா, தங்கச்சி என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்ட குரல் அவளை மட்டும் கூப்பிடவில்லை. அவளுக்கு ஊரிலுள்ள அத்தனை பெண்கள்மேலும் பொறாமையாக இருந்தது.

மகள் கல்யாணமாகிப் போனாள். வெள்ளைக்காரர்கள் கப்பலேறினார்கள், விளம்பர வரியும் அவர்களோடு போயிற்று. வீடுகளுக்கு மின்விளக்கு வந்தது. அரிக்கேன் விளக்கைச் சீந்துவாரில்லை, ஆனால் குரல் அதே சுருதியில் கூவிக்கொண்டிருந்தது. அதனால் வியாபாரம் ஒன்றும் ஆகவில்லை என்றாலும், ராசி என்று முதலாளி பரணைத் தொடவிடவில்லை. அப்படியிருக்க ஒருநாள் அவர் சரக்கெடுக்க வெளியூர் போக, கல்லாவில் அவர் மனைவி உட்கார்ந்தார். அன்றும் கூவுகாரர் மனைவி போய், "விளக்கு இருக்காம்மா?" என்றாள்.

முதலாளியின் மனைவி வெளியே ஒருமுறை பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷமா இருக்கு இருக்குன்னு தொண்டை கிழியக் கத்துறாரு. அவர் எதுக்குக்கா பொய் சொல்லப்போறாரு?" என்றபடி ஏணியை எடுத்துப் போட்டார். விளக்கை இறக்கி முந்தானையால் தூசி துடைத்தார். "காசு குடுத்துடுங்கக்கா. சும்மா குடுத்தா வித்த மாதிரி ஆகாது."

காசு கல்லாவில் விழுந்ததும், "அரிக்கே" என்ற இடத்தில் குரல் நின்றது. தெருவே வெளியே வந்து பார்த்தது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கிய குழந்தைகள் விழித்துக்கொண்டு அழுதன.

அவள் வேகமாக நடந்து வீட்டுக்குப் போனாள். கூவுகாரர் கூடத்தில் உட்கார்ந்து கிழிந்த சாக்கு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். விளக்கை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். குரல் வராமல் போய்விடுமோ என்று அவர் வாயையே பார்த்தாள். அவர் விளக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இரண்டு தரம் இருமினார். பிறகு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். முடி நரைத்துவிட்டது, பல்லும் பாதி போய்விட்டது, ஆனால் குரலுக்கு ஒரு வயதும் கூடவில்லை. கடை முக்கில் கூவுகிற அதே வீச்சில் அது வந்ததால் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அவள் பேர் இன்னதென்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியும்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மெதுவாங்க. பக்கத்துலதானே இருக்கேன்" என்றாள்.

அவருக்கு மெதுவாகப் பேச வரவில்லை. அப்புறம் அவளும் அப்படிப் பேசச் சொல்லவில்லை.