மாலை போட்ட டிரெட்மில்

திண்டிவனம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் பதினேழாம் படியில் திருமுருகனுக்குக் கண் இருட்டியது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, யாருடனோ போனில் பேசுவதுபோல் "ஆங்... ஆங்..." என்றான். மூச்சு வாங்குவதை மறைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. மறைக்காமல் இருக்க முடியாது. பாலத்துக்கு நேர் எதிரே பன்னிரண்டு அடி ஃப்ளெக்ஸில், எண்ணெய் பூசிய மார்போடு அவனே நின்றுகொண்டிருந்தான். 'இரும்பு மாஸ்டர்' என்று கீழே கொட்டை எழுத்து.

போன மாதம்தான் செஞ்சி ரோட்டு ஜிம்காரன் ஒருவன், முப்பத்தெட்டு வயது, பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்தான், எழவில்லை. அவன் நெஞ்சளவு நாற்பத்தாறு. திருமுருகனுக்கு நாற்பத்தேழு. அவன் உடலுக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பியதிலிருந்து திருமுருகன் படுக்கையில் இடது மார்பின்மேல் கை வைத்தபடியே கிடந்தான்.

"இன்னா, நெஞ்சு வலிக்குதா?" என்றாள் மனைவி வெண்ணிலா.

"சேச்சே. எவ்ளோ வளந்திருக்குதுன்னு பாத்துக்கினு இருக்கேன்."

அவன் ஜிம் சுவரில் வாராந்திர அட்டவணை ஒட்டியிருக்கும். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை. வெள்ளி கால்; ஆனால் வெள்ளிக்கிழமை பூஜை இருப்பதால் கால்களுக்கு விடுமுறை. சனி மறுபடியும் நெஞ்சு. ஞாயிறு பிரியாணி. ஓட்டத்துக்கு எந்தக் கிழமையும் ஒதுக்கப்படவில்லை. "ஓடுனா சேத்து வெச்ச சதையெல்லாம் கரைஞ்சிடும்" என்பது மாஸ்டரின் உபதேசம். ஏரிக்கரையில் வாக்கிங் போய்ப் பிடிபட்டவர்கள் ஜிம் வாட்ஸப் குரூப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

டிரெட்மில் ஒன்று இருக்கத்தான் செய்தது. மூன்று வருடத்துக்கு முன் ஆயுத பூஜையில் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டான். மறுநாள் ஒருவர் ஏறப்போக, "சாமி கும்பிட்ட மெஷின் மேல காலை வெப்பீங்களா?" என்று அதட்டினான். அன்றிலிருந்து வெள்ளிதோறும் புது மாலை; மிதிப்பார் இல்லை. அதில் அவனால் நாலு நிமிடம் தாண்ட முடிந்ததில்லை என்பது அவனுக்கும் அந்த மெஷினுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி.

திண்டிவனத்தில் எந்த டாக்டரிடம் போனாலும் எதிரில் அவன் ஃப்ளெக்ஸ் இருக்கும். அதனால் விழுப்புரத்துக்கு ரயிலேறினான். இதய மருத்துவமனையின் காத்திருப்பு நாற்காலிகளில் மூலையாகப் பார்த்து உட்காரப்போனவன் உறைந்துபோனான். பக்கத்து நாற்காலியில் சீனுவாசன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருப்பவர், ஐம்பத்து நாலு வயது, அவன் ஜிம்மில் ஆறு வருட உறுப்பினர்.

சீனுவாசனுக்கும் முகம் வெளுத்தது. "மாஸ்டர்! நீங்க எங்க இங்க?"

"ஜிம்முக்கு ஒரு மெஷின் பாக்க வந்தேன் அண்ணே. ஆஸ்பத்திரி மெஷின்தான் ஸ்ட்ராங்கு."

"நான்... ஒரு சொந்தக்காரரைப் பாக்க வந்தேன்" என்றார் சீனுவாசன். உடனே உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். திருமுருகனைப் பார்க்காமலே எழுந்து போனார்.

அவர் திரும்பி வந்து உட்காரும் நேரத்தில் டெக்னீஷியன் கலையரசி வாசலில் நின்று சத்தமாகவே படித்தாள். "திருமுருகன், முப்பத்தாறு வயசு, டிரெட்மில் டெஸ்ட். யாருங்க?"

திருமுருகன் எழுந்தான். சீனுவாசன் தரையைப் பார்த்தார்.

சட்டையைக் கழற்றச் சொல்லி மார்பெங்கும் ஒயர்களை ஒட்டினாள். எதிரே ஓடிய மெஷினுக்கு மாலை இல்லை, குங்குமம் இல்லை. முதல் மூன்று நிமிடம் சமதளம் போலிருந்தது. பிறகு பட்டை முன்பக்கம் தூக்கியது. காதுக்குள் குப் குப் என்று யாரோ கதவைத் தட்டினார்கள். திரையில் கோடு எகிறியது. தான் நிற்பதற்கு முன்னால் அந்தக் கோடு நின்றுவிடுமோ என்று அதையே பார்த்தான். செஞ்சி ரோட்டுக்காரனின் வாயோரம் காய்ந்திருந்த பற்பசை நுரை ஞாபகம் வந்தது. வெண்ணிலாவிடம் எங்கே போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

"நிறுத்தும்மா... நிறுத்து..."

"அஞ்சு நிமிஷம்கூட ஆவலியேங்க. உங்களுக்கு முன்ன வந்த பெரியவரு பத்து நிமிஷம் நடந்தாரே."

டாக்டர் மலர்விழி தாளைப் பார்த்த அந்த ஒரு நிமிடத்தில் திருமுருகன் தன் மாலைக்குச் செவ்வந்தியா, ரோஜாவா என்பதுவரை யோசித்துவிட்டான்.

"இதுல அடைப்பு மாதிரி எதுவும் தெரியல. ஆனா பிரஷர் எகிறுது, மூச்சு சுத்தமா தாங்கல. வெயிட் மட்டும் தூக்குவீங்களா?"

"ஆமா மேடம்."

"மூணு நாள் அது போதும். மூணு நாள் வேகமா நடங்க, சைக்கிள் மிதிங்க. மெதுவா ஆரம்பிங்க. ஒரு நாள் ரெஸ்ட். உங்க ஜிம்ல யாரும் சொல்லித் தரலியா? மாஸ்டர் யாரு?"

திருமுருகன் சட்டைப் பொத்தானைப் போடுவதில் மும்முரமானான்.

திரும்பும் ரயிலில் சீனுவாசனும் ஏறினார். மயிலம் வரை ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்கள். சீனுவாசன் போன் போட்டு ஊர் முழுக்க இந்நேரம் சொல்லியிருப்பார் என்று திருமுருகன் நினைத்தான். சீனுவாசன் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"இன்னா அண்ணே?"

"நாலு வருஷமா ஏரிக்கரையில நடந்துகினு இருக்கேன். விடியறதுக்கு முன்ன, தலையில துண்டு போட்டுக்கினு. நம்ம ஊர்ல டெஸ்ட்டு எடுத்தா உங்க காதுக்கு வந்துடும்னுதான் இவ்ளோ தூரம் வந்தேன். குரூப்ல இருந்து மட்டும் தூக்கிடாதீங்க."

திருமுருகனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

திண்டிவனத்தில் இறங்கி அதே பாலம். சீனுவாசன் விறுவிறுவென்று ஏறினார். திருமுருகன் எண்ணிக்கொண்டே ஏறினான். பதினாலு, பதினைந்து. கை போனைத் தேடிப் பாக்கெட்டுக்குள் போனது. எதிரே ஃப்ளெக்ஸ்காரன் மூச்சே விடாமல் நின்றான். பல் விளக்கிய அந்த மனிதனும் கடைசிவரை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான்.

"இருங்க அண்ணே" என்றான். "மூச்சு வாங்குது. முடியல."

சீனுவாசன் இரண்டு படி இறங்கி வந்து, மறைத்தாற்போல் நின்று, மல்லாட்டை விலையைப் பற்றிச் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். கடந்து போனவர்களுக்கு அது வியாபாரப் பேச்சு.

மூச்சு திரும்பியதும் திருமுருகன் கேட்டான். "காலையில ஜிம்முக்கு ஜல்தியா வர முடியுமா அண்ணே? அந்த மெஷின் மேல இருக்கற மாலையை எடுத்துடலாம்னு பாக்கறேன். நான் ஏறுறப்ப பக்கத்துல ஆளு வேணும். தனியா ஏற பயமா இருக்குது."

"வர்றேன் மாஸ்டர்."

"ஷட்டரை மட்டும் இறக்கிடுவோம்."