சரிவில் இல்லாத முள்தாளி

இப்போதெல்லாம் ஒரு இடத்துக்கு வருகிறவர்கள் முதலில் போனைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் காலடியைப் பார்க்கிறார்கள். அதுவும் போன் பார்க்கச் சொன்னால். பெரியவருக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். முப்பத்தொரு வருஷம் ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஜீப் ஓட்டியவர். அக்கம்பக்கத்தில் அவருக்கு ‘ஸ்டேரிங்’ என்றுதான் பெயர். ரோட்டை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பார்த்து வண்டி ஓட்டியவன் எவனும் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்ததில்லை என்பது அவர் கட்சி.

அன்று காலை அவர் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சரிவில் இரும்புக் கம்பங்கள் வந்து இறங்கின. கூடவே தொப்பியும் தோள்பையுமாக ஒரு செடி ஆராய்ச்சிக்காரி.

“வேலி போடறோம் ஐயா. இனிமே இங்க ஆடு விடக்கூடாது.”

அந்தச் சரிவை விட்டால் அவருடைய பதினொரு ஆடுகளுக்கும் வாய் வைக்க வேறு பச்சை கிடையாது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஈ ஓட்ட வேண்டியதுதான்.

“எதுக்கு வேலி?”

“இங்க ஒரு அபூர்வச் செடி இருக்கு. முள்தாளின்னு பேரு.”

“எங்க இருக்கு? காட்டு.”

அவள் போனைக் காட்டினாள். வரைபடத்தில் வடக்கே காய்ந்த ஆற்றோரமாக ஒன்பது சிவப்புப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பத்தாவது மட்டும் ஊர்விலக்கு வைத்ததுபோல் தனியாக, இந்தச் சரிவின்மேல்.

“செடியைக் காட்டச் சொன்னா புள்ளியைக் காட்டறியேம்மா.”

அவள் கோபப்படவில்லை. குறிப்பைப் படித்தாள். “அடி கட்டையா இருக்கும். முழங்கால் உயரம். கிளை நுனி முள்ளா முடியும். இலையெல்லாம் பட்டு மாதிரி சாம்பல் ரோமம். ஒத்தை ஒத்தையா, புனல் மாதிரி வெள்ளைப் பூ.”

“ரோஸ்.”

“என்னங்க?”

“பூ ரோஸ். விடியறப்ப விரியும், வெயில் ஏறினா சுருட்டிக்கும். காய்ஞ்சதைப் பாத்து எழுதினா வெள்ளைன்னுதான் எழுதுவீங்க. தாளிக் கொடி வகைன்னு பேருதான், ஆனா எதையும் சுத்தாது. தன் கால்ல நிக்கும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்தச் செடியைப் பறிச்ச புரொபசரை ஏத்திட்டு வந்ததே நான்தான். அந்த ஆத்துல டயர் பஞ்சர். நான் ஜாக்கி வச்சுத் தூக்கற நேரத்துல அவர் செடியைப் பிடுங்கினார். சாயங்காலம் இந்தச் சரிவுக்குக் கீழ இருந்த பங்களாவுல தங்கினோம். அன்னிக்குப் பறிச்ச அத்தனைக்கும் இந்த இடத்துப் பேரையே எழுதி ஒட்டினார். ‘சார், இது ஆத்துல எடுத்ததாச்சே’ன்னேன். ‘நீ வண்டியைப் பாருய்யா’ன்னுட்டார்.”

“ஆனா அவர் ஒட்டின சீட்டுல இந்த இடம்னு தெளிவா எழுதியிருக்கே ஐயா. அதை வச்சுத்தான் இந்தப் புள்ளி.”

“சீட்டை விடு. வேரைக் காட்டு.”

புரொபசர் பறித்துக் காயவைத்த செடியின் படத்தை அவள் போனில் பெரிதாக்கினாள். வேர்முடிச்சில் வெள்ளைப் பொடிக்கற்கள் ஒட்டியிருந்தன. பெரியவர் குனிந்து சரிவில் ஒரு பிடி அள்ளி அவள் உள்ளங்கையில் கொட்டினார். ஒட்டுகிற கறுப்பு மண்.

“இதுல ஒரு வெள்ளைக் கல் எடுத்துக் குடு. வேலிக்குக் குழியை நானே தோண்டறேன்.”

கொல்லைச் சுவரோரம் நின்ற மருமகள் பதறினாள். “மாமா, மரியாதையா பேசுங்க.”

“நான் எங்கம்மா மரியாதை குறைச்சேன்? மண்ணைத்தானே குடுத்தேன்.”

ஆராய்ச்சிக்காரி மண்ணை விரலால் நெருடிப் பார்த்தாள். வெள்ளைக் கல் ஒன்றும் அகப்படவில்லை. “நீங்க சொல்றது சரியா இருக்கலாம்.”

“இருக்கலாமா?”

“சீட்டை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை. பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடறேன். ரெண்டு மழை பாப்போம். ஒண்ணும் முளைக்கலைன்னா புள்ளியை எடுத்துடுவாங்க, வேலியும் போயிடும்.”

“இங்க ரெண்டு மழைன்னா அஞ்சு வருஷம். அதுவரைக்கும் என் ஆடு கேள்விக்குறியைத் தின்னுமா?”

கம்பம் இறக்கிக்கொண்டிருந்தவன் சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

“செடி நிஜமா இருக்கிற ஆத்துல லாரி லாரியா மணல் போகுது,” என்றார் பெரியவர். “அங்க ஒரு கம்பத்தைக் காணோம்.”

அவள் நிமிர்ந்தாள். “புரொபசர் பிடுங்கின இடத்தைக் காட்டுவீங்களா?”

“இப்பவே காட்டறேன். முதல்ல இந்தக் கம்பத்தையெல்லாம் வண்டியில ஏத்து.”

“அது என் கையில இல்லை ஐயா. உத்தரவு மேல இருந்து வந்தது.”

“அப்ப மேல இருக்கறவங்களை வந்து புடுங்கச் சொல்லு.”

அவர் பட்டிக்குப் போய்ப் படலைத் திறந்துவிட்டார். பதினொன்றும் முண்டியடித்து வெளியே வந்தன. படுக்கப்போட்டிருந்த கம்பங்களைத் தாண்டிச் சரிவில் ஏறின. கிழட்டுக் கிடா ஒன்று கம்பத்தை மோந்து பார்த்து, அதன்மேல் மூத்திரம் பெய்துவிட்டுப் போனது.

“சொல்றதைக் கேளுங்க ஐயா,” என்று அவள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். “இந்த வகை விதை மண்ணுக்குள்ள வருஷக்கணக்காத் தூங்கும். இங்கயும் இருக்கலாம் இல்லையா?”

“முளைச்சா வந்து சொல்லு,” என்றார் அவர், நடையை நிறுத்தாமல், ஆடுகளுக்குப் பின்னால் மேட்டில் ஏறிக்கொண்டே.